லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர்: பிழைதிருத்தும் மேசையில் ஏழு வருடம்

டிசம்பர் எங்களுக்கு அறுவடைக் காலம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்குள் அச்சேற வேண்டிய கோப்புகளெல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். போன டிசம்பரில் அப்படி ஒரு நாவல் வந்தது. 312 பக்கம், ஊராட்சித் தேர்தலைச் சுற்றி நடக்கும் கதை. திரையில் முதல் அத்தியாயம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ‘தேர்தல்’ என்று தேடினேன். ஓரிடத்தில்கூட இல்லை என்றது. கண்ணெதிரே மூன்றாவது வரியில் அந்தச் சொல் நிற்கிறது.

நான் கோப்புகளைத் திருத்துவது லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் என்ற சொற்செயலியில். அதில் ஒரு வசதி உண்டு. ஓர் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால், அந்த எழுத்து தன் யூனிகோடு எண்ணாக, அதாவது கணினி அதை அடையாளம் காணும் பொது எண்ணாக, மாறி நிற்கும். மறுபடி அழுத்தினால் எழுத்தாகத் திரும்பிவிடும். அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே ‘ர்’ என்ற எழுத்தே இல்லை. துணைக்காலும் அதன் மேல் ஒரு புள்ளியும்தான் இருந்தன. கண்ணுக்குத் ‘தேர்தல்’, கணினிக்குத் ‘தோ்தல்’. நாவல் முழுக்க அப்படித்தான்: அவா்கள், சோ்ந்த, பொிய, போிடர்.

தட்டச்சுப் பொறியில் பழகிய கைகள் காலின் மேல் புள்ளி வைத்துத்தான் ‘ர்’ அடித்தன. காகிதத்தில் அது பிழையே இல்லை, அச்சில் இரண்டும் ஒரே உருவம். அந்தப் பழக்கம் பழைய எழுத்துருக்களுக்கு வந்தது, அங்கிருந்து எழுத்துரு மாற்றிகள் வழியாக யூனிகோடுக்கும் வந்துவிட்டது. நமக்கு எழுத்து 247. யூனிகோடின் அடிப்படைத் தமிழ்த் தொகுதியில் இருப்பவை 72 குறிகள். மீதியெல்லாம் குறிகளைச் சேர்த்துக் கோப்பவை. கோத்த வரிசை தவறாக இருந்தாலும் உருவம் சரியாக வந்துவிடும். தமிழ்ப் பிழைதிருத்தத்தில் கண்ணை மட்டும் நம்ப முடியாமல் போனது இதனால்தான்.

அச்சுப் புத்தகத்துக்கு இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று பதிப்பாளர்கள் கேட்பார்கள். நானும் சில வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு கல்லூரி மாணவர் தொலைபேசியில் அழைத்தார். பார்வையில்லாதவர், மின்னூலைக் கைபேசி வாசிக்கக் கேட்பவர். “அக்கா, நீங்க பாத்த புத்தகம்தானே இது? ‘சேர்ந்த’ வர்ற இடமெல்லாம் ‘சோ’ன்னு ஆரம்பிச்சுக் குழறுது. ரெண்டு பக்கத்துக்கு மேல கேக்க முடியல” என்றார். அந்தப் புத்தகத்தை நான் மூன்று முறை படித்திருந்தேன். மூன்று முறையும் எனக்கு அது ‘சேர்ந்த’ என்றே தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் கோப்பையும் முதலில் கணினியைக் கொண்டு தேட வைக்காமல் படிக்கத் தொடங்குவதில்லை.

அதற்கு நான் பயன்படுத்தும் கருவிதான் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர். 2010இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வந்த தன்னார்வலர்கள் ‘டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2011 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது. காசில்லை என்பதற்காகத்தான் ஏழு வருடத்துக்கு முன்பு நிறுவினேன். வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் தேடிமாற்றும் பெட்டி.

கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் அந்தப் பெட்டி வரும். கீழே ‘அதர் ஆப்ஷன்ஸ்’ என்பதை விரித்தால் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டுவிட்டால் சொல்லுக்குப் பதிலாக ஒரு வடிவத்தைத் தேடலாம். ‘இந்தக் குறிக்குப் பின்னால் இந்த மூன்றில் ஏதாவது வந்தால் பிடி’ என்று சொல்ல முடியும். நிரல் எழுதும் நண்பர்கள்தான் இதைப் பயன்படுத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். நமக்குத் தேவையானது அதில் கால்வாசிகூட இல்லை. ஒரு மாலைப்பொழுதில் பிடிபட்டுவிடும்.

அந்த நாவலுக்கு நான் ஓட்டியவை மூன்று வரிகள். தேடும் இடத்தில் முதலில் வருவதும், மாற்றும் இடத்தில் அம்புக்குறிக்குப் பின்னால் வருவதும்:

ா([ிீ்]) → ர$1

ோ([ிீ்]) → ேர$1

ொ([ிீ்]) → ெர$1

தனியாக நிற்கும் குறியைச் சுற்றித் திரையில் புள்ளி வட்டம் தோன்றும், அது இருந்துவிட்டுப் போகட்டும். சதுர அடைப்புக்குள் இருப்பவை இகரக் குறி, ஈகாரக் குறி, புள்ளி. துணைக்காலை ஒட்டி இவற்றில் எது வந்தாலும் அது தமிழே இல்லை. அப்படி ஓர் எழுத்து நம்மிடம் கிடையாது. அதனால் இந்த மூன்றுக்கு மட்டும் ‘ரீப்ளேஸ் ஆல்’ பொத்தானைத் தயங்காமல் அழுத்தலாம். முதல் வரி அவா்களையும் நாியையும் சரிசெய்யும். இரண்டாவது தோ்தலுக்கும் சோ்ந்தவருக்கும் போிடருக்கும். மூன்றாவது பொியவருக்கு. வளை அடைப்புக்குள் பிடித்ததை $1 அப்படியே திருப்பி வைக்கும். அந்த நாவலில் மூன்றும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் இடங்களை மாற்றின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மனிதக் கண்ணால் ஓர் இடத்தைக்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்த வரியில்தான் நான் தவறு செய்தேன். அது வேறொரு புத்தகம், நாலு வருடத்துக்கு முன்பு. ‘கௌரவம்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, க, ள என்று அடித்துக் ‘கெளரவம்’ ஆக்கிவிடுவது மிகப் பரவலான பழக்கம். மௌனம், பௌத்தம், வௌவால் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். வெறுமனே ‘ெள’ என்று தேடினால் வெள்ளமும் தெளிவும் கெளுத்தியும் அகப்படும். அதனால் ளகரத்துக்குப் பின்னால் எந்தக் குறியும் வராத இடத்தை மட்டும் பிடிக்கச் சொன்னேன்:

ெள(?![ா-்]) → ௌ

வெள்ளத்தில் புள்ளி இருக்கிறது, தெளிவில் இகரம் இருக்கிறது, இரண்டும் தப்பித்தன. வடிவம் சரியாக இருந்ததால் ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்துவிட்டேன். அது தென் மாவட்டத்துப் பேச்சு நிறைந்த சிறுகதைத் தொகுப்பு. ‘கெளம்பு’, ‘கெளம்பிட்டான்’, ‘வெளக்கு’ என்று பாத்திரங்கள் பேசுவதை நான் மறந்துபோனேன். அத்தனையும் கௌம்பு, வௌக்கு ஆகிவிட்டன. என் திரையில் இருந்த எழுத்துருவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கம் வடிவமைத்த தம்பி வேறு எழுத்துருவுக்கு மாற்றியபோது கேட்டார்: “அக்கா, இந்த இடத்துலல்லாம் ள மட்டும் ஏன் சின்னதா வருது?” சில எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வால் ளகரத்தைவிடச் சிறியது. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அப்படியே அச்சாகியிருக்கும். எழுத்தாளர் காது கொடுத்துக் கேட்டு எழுதிய பேச்சை நான் கெடுத்திருப்பேன். அன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். இப்போது இந்த வரியை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுகிறேன். ‘ஒளவையார்’ என்று வருவதை ஔவையார் ஆக்கும் ஒள(?![ா-்]) என்ற வரிக்கும் இதே எச்சரிக்கை. ‘ஒளறாத’ என்று யாராவது திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒற்று விஷயத்துக்கு வருகிறேன். சந்தி பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்பது. ரைட்டர் எனக்குச் சோறு போடுவது இந்த இடத்தில்தான்:

([அஇஎ]ந்த) ([கசதப]) → $1$2் $2

அந்த, இந்த, எந்த மூன்றுக்கும் பின்னால் வல்லினம் வந்தால், வந்த எழுத்தையே எடுத்துப் புள்ளி வைத்து முன்சொல்லோடு ஒட்டிவிடும். ‘அந்த கடை’ அந்தக் கடை ஆகும், ‘இந்த சாலை’ இந்தச் சாலை ஆகும். க், ச், த், ப் நான்குக்கும் ஒரே வரி. இதை முதன்முதலில் எழுதி ஓட்டிப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருபது வருடம் சிவப்பு மையால் ஒவ்வொன்றாகச் செருகிய ஒற்று, கண்முன்னே வரிசையாக வந்து உட்கார்ந்தது. அஇஎ என்ற உயிரெழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும் என்பதால் ‘வந்த’, ‘சொந்த’ எதுவும் தவறுதலாகச் சிக்காது. ‘ந்த’வுக்குப் பதில் ‘ப்படி’ என்று போட்டால் அப்படி, இப்படி, எப்படிக்கும் வேலை செய்யும். சில பதிப்பகங்கள் ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் ஒற்று வேண்டாம் என்பார்கள், அவர்களுக்கு ‘அந்த பஸ்’தான் சரி. வேலையை எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வேற்றுமைக்கு மட்டும் ஆட்டோமேட்டிக்காக விடக் கூடாது. ‘ை ([கசதப])’ என்று தேடினால் ‘அவனை பார்த்தேன்’ வரும், அதற்கு ஒற்று வேண்டும். ‘யானை பார்த்தது’ என்பதும் வரும், அதற்கு வேண்டாம். ‘தலை குனிந்தான்’, ‘மாலை கடந்தது’, ‘இல்லை தம்பி’ எல்லாம் சேர்ந்து வரும். எது உருபு, எது சொல்லின் கடைசி எழுத்து என்று படித்துத்தான் சொல்ல முடியும். நான் தேடலை ஓட்டிவிட்டு ‘ஃபைண்ட் நெக்ஸ்ட்’ ஒரு விரல், ‘ரீப்ளேஸ்’ ஒரு விரல் என்று வைத்துக்கொள்வேன். கண் தேடும் வேலை மிச்சமாகிறது, முடிவெடுக்கும் வேலை எனக்கே இருக்கிறது. 300 பக்கத்துக்கு ஒரு பகல் ஆகும். முன்பு மூன்று பகல்.

‘ஒரு ([அ-ஔ])’ என்று தேடி ‘ஓர் $1’ ஆக்குவதும் இதே வகை. ‘ஒவ்வொரு ஆண்டும்’ இதில் சிக்காது, அங்கே இருப்பது ஒகரக் குறி. ஆனால் எல்லா எழுத்தாளரும் ஓர் ஏற்க மாட்டார்கள். பேச்சு ஓட்டத்தில் எழுதுபவரிடம் ‘ஓர் ஊருல’ என்று திருத்தி அனுப்பினால் கோபிப்பார், கோபிப்பது நியாயம். இரட்டை இடைவெளி, காற்புள்ளிக்கு முன் இடைவெளி, ^$ போட்டு வெற்றுப் பத்திகளை நீக்குவது ஆகியவை எந்த மொழிக்கும் பொது, அரைமணியில் முடியும்.

இந்தச் சுத்தமெல்லாம் திருத்தப் பதிவை, அதாவது செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கோப்பிலேயே குறித்துக் காட்டும் வசதியை, தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். ‘ரெகார்ட் சேஞ்சஸ்’ போட்டுக்கொண்டு இடைவெளிகளை மாற்றினால் ஒவ்வோர் இடமும் நிறம் மாறிக் கோடு விழும். ஒரு முறை அப்படியே அனுப்பிவிட்டேன். எழுபது வயது எழுத்தாளர் அழைத்தார். குரல் உடைந்திருந்தது. “என் எழுத்துல இவ்வளவு தப்பாம்மா?” என்று கேட்டார். “இல்லைங்க ஐயா, முக்கால்வாசி வெறும் இடைவெளிதான்” என்று சொல்லி அவரைத் தேற்றுவதற்கு வெகுநேரம் ஆனது. இப்போது மூலக் கோப்பைத் தொடாமல் பிரதி எடுத்து, இயந்திரத் திருத்தங்களை அதில் முடித்து, என்னென்ன மாற்றினேன் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிடுகிறேன். அதன் பிறகுதான் பதிவு தொடங்கும். எழுத்தாளரின் கண்ணில் படுவது அவர் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய திருத்தங்கள் மட்டும். சந்தேகம் இருந்தால் திருத்தாமல் ஓரத்தில் கமெண்டாகக் கேட்கிறேன். பெரும்பாலான எழுத்தாளர்கள் வேர்டில்தான் திறப்பார்கள். டாக்எக்ஸ் வடிவில் சேமித்து அனுப்பினால் பதிவுகளும் கமெண்டுகளும் அங்கேயும் தெரியும்.

‘எடிட்’ பட்டியலில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ என்பதன் கீழ் ‘கம்பேர் டாக்குமென்ட்’ என்று ஒன்று இருக்கிறது. எழுத்தாளர் பதிவை அணைத்துவிட்டுத் தன்னிச்சையாகச் சில வரிகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவது உண்டு. பழைய கோப்போடு ஒப்பிடச் சொன்னால் புதிதாக வந்தவை தெரிந்துவிடும். புது வரிகளில்தான் புதுப் பிழைகள் இருக்கும்.

புதிதாக நிறுவுகிறவர்கள் முதல் நாளே மலைத்துப்போவது எழுத்துருவில். ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கும். தமிழ், இந்தி, அரபி, தாய்லாந்து மொழி எல்லாம் அதற்குக் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற கூட்டம். ஆங்கிலத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்துருவின் பெயரைப் போட்டுவிட்டு, எழுத்து மாறவே இல்லை என்று பலர் திகைப்பார்கள். ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ போய் மொழி அமைப்பில் அந்தக் கூட்டத்துக்கான கட்டத்தில் டிக் போட்டு, மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப் 11 அழுத்தி, அடிப்படைப் பத்தி ஸ்டைலில் இரண்டு எழுத்துருவையும் அளவையும் ஒரே தடவை அமைத்துவிடுங்கள். தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால் எஃப் 5 அழுத்தும்போது அத்தியாயங்கள் பட்டியலாக வரும். 40 அத்தியாயம் உள்ள கோப்பில் 17 இரண்டு முறை வந்திருப்பதை அங்கே பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. நாம் எழுதிய தேடல் வரிகளைப் பெயரிட்டுச் சேமித்து வைக்க இந்தப் பெட்டியிலேயே இடமில்லை. ‘ஆல்ட்சர்ச்’ என்ற நீட்சியை நிறுவினால் வரிசையாகச் சேமித்து மொத்தமாக ஓட்டலாம். நான் ஒரு வெற்றுக் கோப்பில் 23 வரிகளை எழுதி வைத்து நகலெடுத்து ஒட்டுகிறேன். ஒவ்வொன்றையும் ஓட்டும் முன் ஒரு கணம் நின்று யோசிக்க அது இடம் தருகிறது, ‘கெளம்பு’வுக்குப் பிறகு அந்தக் கணம் எனக்குத் தேவைப்படுகிறது. எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடுகளைத் தமிழுக்கு நான் அணைத்தே வைத்திருக்கிறேன். ஒரு பெயர்ச்சொல்லோடு பன்மையும் உருபும் உம்மையும் ஏகாரமும் ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்குச் சொற்பட்டியல் அடிப்படையிலான சோதனை ஈடுகொடுக்காது. சரியான சொல்லுக்கெல்லாம் கோடு விழுந்தால் கண் கோட்டையே பார்க்காமல் பழகிவிடும். அந்த வேலைக்கு நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்ட நிரலர் இணையத்தில் தந்திருக்கும் ‘வாணி’ என்ற பிழைதிருத்தியும், சந்திக்கு அவருடைய ‘நாவி’யும் இருக்கின்றன. பத்தி பத்தியாக ஒட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

வேர்ட் வைத்திருப்பவர்கள் இதற்காக மாற வேண்டுமா என்று கேட்டால், முழுக்க மாற வேண்டாம். திருத்தப் பதிவும் கமெண்டும் வேர்டிலும் குறைவில்லை. ஆனால் வேர்டில் வடிவத்தைத் தேட இருக்கும் வைல்டுகார்டு தேடலில் ‘இதற்குப் பின்னால் இது வராவிட்டால் மட்டும்’ என்று சொல்வது ரைட்டரில் இருப்பதுபோல் எளிதில்லை. கௌரவத்தையும் வெள்ளத்தையும் பிரிக்க அதுதான் தேவை. ஆகவே சுத்தம் செய்யும் முதல் நாள் வேலையை ரைட்டரில் வைத்துக்கொண்டு, பிறகு பழகிய இடத்துக்குப் போகலாம். பக்கம் வடிவமைப்பவர்கள் இண்டிசைனில் ‘கிரெப்’ என்ற தேடலில் இதே வரிகளை ஓட்டலாம். நான் அந்தத் தம்பியிடம் 23 வரிகளையும் கொடுத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் எழுத்தாளர் வாட்ஸாப்பில் அனுப்பும் முன்னுரையை இப்போது அவரே ஓட்டிவிட்டுத்தான் பக்கத்தில் வைக்கிறார்.

தேர்தல் நாவலின் மின்னூல் கோப்பைப் பதிப்பாளர் அனுமதியோடு அந்த மாணவருக்கு முதலில் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து அழைத்தார். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் ஏன் வேட்புமனுவைத் திரும்பப் பெற்றாள் என்று என்னிடம் கேட்டார்.